விருந்தாளிக்குத் திறக்கும் கதவுகள்

மேலச்சந்தையில் எந்தக் கதவு திறந்தாலும் முதலில் நாதஸ்வரம் கேட்கும். நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு சந்தையில் நாதஸ்வரம் எதற்கு என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். வேறொன்றுமில்லை, இனாமாக வந்தது.

சந்தையைக் கட்டிய தெற்கத்தி வியாபாரிகள் இரும்பு, காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துப் பேசித்தான் வாங்கினார்கள். கதவுகளுக்கு மூளை வாங்க வேண்டிய நேரம் வந்தபோது கை சுருங்கிவிட்டது. திறப்பு விழாவுக்கு மைக் செட் போட்ட கடைக்காரர், "கல்யாண மண்டபம் நடத்துற வெப்சைட் ஒண்ணு கிடக்கு அண்ணாச்சி. யாரு எந்த ரூமுக்குப் போலாம், யாரு போகக் கூடாதுன்னு எல்லாம் அதுவே பாத்துக்கும். சும்மா வச்சுக்கோங்க" என்றார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? கொண்டுபோய் மாட்டிவிட்டார்கள்.

அன்று முதல் அந்தச் சந்தை தன்னை ஒரு கல்யாண மண்டபம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. கடைகள் அதற்கு அறைகள். வியாபாரக் குடும்பங்கள் பெண் வீட்டார், இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டார். மூட்டை தூக்குகிறவர்கள் பந்தி பரிமாறுவோர். தீயணைப்புக் குழுவை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை. நெருப்போடு புழங்குகிறவர்கள்தானே என்று 'சமையல்' என்று பதிந்து வைத்தார்கள்.

அதுதான் வினையாயிற்று. வியாபாரி ரகுமத்து காக்காவின் சரக்குக் கிட்டங்கியில் ஒரு நாள் புகை கிளம்பியது. தீயணைப்புக் குழு குழாயும் கையுமாக ஓடி வந்து நின்றது. கதவு தேன் ஒழுகும் குரலில், "சமையல் ஆட்கள் தயவுசெய்து பின்வாசல் வழியாக வரவும்" என்றது. கிட்டங்கிக்குப் பின்வாசல் கிடையாது. பின்பக்கம் இருப்பது வெறும் வானம். சங்கத் தலைவர் வந்து நின்றார், திறக்கவில்லை. காக்காவே வந்து நின்றார், "பெண் வீட்டார் சற்றுப் பொறுத்திருக்கவும்" என்றது. கடைசியில் விருந்தாளி ஆவுடையப்பனைத் தேடிப் பிடித்தார்கள். அவன் குளித்துக்கொண்டிருந்தான். இடுப்பில் ஈரத்துண்டோடு ஓடி வந்து கதவு முன் நின்றான். நாதஸ்வரம் ஒலித்தது, கதவு திறந்தது, நெருப்பு அணைந்தது.

அணைந்த நெருப்பைக் காப்பீட்டுக்காரர்கள் விடவில்லை. கதவுகளைச் சரிசெய்யாவிட்டால் இனிமேல் சந்தைக்குக் காப்பீடு இல்லை என்று கீழே பூமியிலிருந்து சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் கோவில்பட்டியிலிருந்து செண்பகவல்லி கப்பலேறி வந்தாள். குழம்பிப்போன கணினிக் கோடுகளைப் பிரித்து எழுதுவதில் பெயர் வாங்கியவள். பேரத்தில் அவ்வளவு பழக்கம் இல்லாதவள்.

சங்கக் கூட்டத்தில் சண்முகவேல் அண்ணாச்சிதான் பேச்சைத் தொடங்கினார். நல்லெண்ணெய் மொத்த வியாபாரி, சங்கத் தலைவர்.

"நீ செய்யப் போற வேலைக்கு என்னம்மா பேரு சொன்ன?"

"ரீஃபேக்டரிங், அண்ணாச்சி. வெளியே எதுவும் மாறாது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் கோடை மட்டும் பிரிச்சு ஒழுங்கா அடுக்கி வைப்பேன். கதவைத் திறக்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியக் கூடாது. அதுதான் இந்த வேலைக்கு அழகு."

"வித்தியாசமே தெரியாத வேலைக்கு எதுக்கும்மா கூலி?"

சங்கம் குலுங்கிச் சிரித்தது. செண்பகவல்லி காத்திருந்து, சிரிப்பு ஓய்ந்ததும் தொடர்ந்தாள்.

"இங்கே இருநூத்திப் பன்னெண்டு ரோல் இருக்கு. ரோல்னா, இன்னாரு இன்னாருன்னு கதவுக்குச் சொல்ற பட்டம். மாப்பிள்ளைத் தோழன்னு ஒண்ணு. மாப்பிள்ளைத் தோழனோட சிநேகிதன்னு ஒண்ணு. கோவிச்சுக்கிட்ட பெரியப்பான்னு கூட ஒண்ணு இருக்கு."

"அது எங்க பெரியப்பாவுக்குப் போட்டது. போய்ச் சேந்துட்டாரு."

"பன்னெண்டு ரோல் போதும் அண்ணாச்சி."

"பன்னெண்டா! நூத்தம்பது வச்சுக்கோ."

"அதிகம். பதினஞ்சு."

"ஏம்மா, மனுசன்னா மரியாதை வேண்டாமா? எம்பது."

"இருபது. அதுக்கு மேல வச்சா மறுபடி குழம்பும்."

"உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். முப்பது." அவள் தலையசைப்பதற்குள் அண்ணாச்சி கைதட்டி முடித்துவிட்டார். பன்னிரண்டு என்று நினைத்து வந்தவளுக்கு முப்பது தலையில் கட்டப்பட்டது. முதலிலேயே ஐந்து என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

கூட்டம் கலைகிற சமயம் அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. மொதல்ல அந்த விருந்தாளி ரோலை ஒரு வழி பண்ணு. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா."

"யாரு விருந்தாளி?"

"ஆவுடையப்பன் மாப்ளைதான். ஏழு வருசத்துக்கு முன்ன அம்பாசமுத்திரத்துல இருந்து எம் மக பூமாவைப் பொண்ணு பாக்க வந்தாரு. கேசரி சாப்பிட்டாரு. அவங்க அப்பா அம்மா, ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புதோம்னு கப்பலேறிட்டாங்க. இவரு மட்டும் யோசிச்சுச் சொல்லுதேன்னு இங்கேயே இருந்துட்டாரு. இன்னும் யோசிக்காரு."

"கிளம்பச் சொல்ல வேண்டியதுதானே?"

ரகுமத்து காக்கா அவளை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் போலப் பார்த்தார். "பொண்ணு பாக்க வந்த மனுசனைப் போன்னு சொல்றதா? நாளைக்கு எவன்மா இந்தச் சந்தையில சம்பந்தம் வைப்பான்?"

"அதான், நாம சொல்ல வேண்டாம்" என்றார் அண்ணாச்சி. "கதவு சொல்லட்டும்."

அடுத்த சில நாட்கள் செண்பகவல்லி கோடுக்குள் இறங்கிக் கிடந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எந்த வியாபாரியும் இன்னொரு வியாபாரிக்கு ஒரு கதவைக்கூட விட்டுக்கொடுத்திருக்கவில்லை. அவன் என் கிட்டங்கிப் பக்கம் வரக் கூடாது, இவன் என் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஆளுக்கு ஒரு தடையாகப் போட்டு, முதலாளிகள் எல்லாரும் தங்கள் சந்தையிலேயே பாதிக் கதவுகளுக்கு வெளியே நின்றார்கள். விருந்தாளியின் கதை வேறு. பெண் பார்க்க வந்த ஒருவர் ஏதாவது ஒரு கதவு முன் நின்று, "திறக்கலையே" என்று சொல்லிவிட்டால் குடும்ப மானம் என்ன ஆவது? அப்படி ஒருவர் நிற்கும்போதெல்லாம் அந்தக் கதவையும் விருந்தாளிக்குச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். கடைசியில் சந்தையின் எல்லாக் கதவும் திறப்பது விருந்தாளி ஒருவனுக்குத்தான். ஆவுடையப்பனும் அதை வஞ்சகமில்லாமல் பயன்படுத்தினான். யாருக்கு எந்தக் கதவு மக்கர் செய்தாலும், "மாப்ளை, கொஞ்சம் வாங்களேன்" என்று கூப்பிடுவார்கள். அவன் போய்க் கதவு முன் நிற்பான். ஏழு வருடமாக அவன் பார்த்த உத்தியோகம் இதுதான்.

செண்பகவல்லி விருந்தாளி ரோலை வெட்டினாள். கப்பல் துறை, விடுதி, சாப்பாட்டுக் கூடம், போதும். இரண்டு நிமிடத்தில் நடப்புக்கு வரும்படி ஒரு மணி நேரச் சோதனை ஓட்டத்துக்கு விட்டாள். நேரம் முடிந்ததும் எல்லாம் தானாகப் பழையபடி திரும்பிவிடும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்து நடந்தாள்.

சங்க அலுவலகத்திலிருந்து கடைத்தெருவுக்குப் போக ஒரு நீளமான குழாய்ப் பாதை உண்டு. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. முன்கதவருகே, கையில் வடைத் தட்டோடு நெட்டையாக ஓர் ஆள் கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தான்.

"விருந்தினர்கள் தயவுசெய்து பந்தியில் அமரவும்" என்றது கதவு.

"ஏழு வருசத்துல முத தடவையா ஒரு கதவு என்னைப் பந்திக்குப் போகச் சொல்லுது" என்றான் அவன். "அந்தப் பந்திக்குப் போறதுக்கும் இந்தக் கதவைத்தான் திறக்கணும்."

"நீங்கதான் ஆவுடையப்பனா? மன்னிச்சுக்கோங்க, என் வேலைதான். தள்ளுங்க, நான் திறக்கிறேன்." செண்பகவல்லி கதவு முன் நின்றாள்.

"விருந்தினர்கள் தயவுசெய்து பந்தியில் அமரவும்."

அவள் தன் சட்டையில் குத்தியிருந்த அட்டையைக் குனிந்து பார்த்தாள். கப்பலை விட்டு இறங்கிய அன்று வரவேற்பில் குத்திவிட்டது. 'விருந்தினர்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டியிருக்கிறாள், அதுவும் சம்பளம் வாங்கிக்கொண்டு. பின்னால் திரும்பி ஓடினாள். அந்தக் கதவும் பந்தியைத்தான் சொன்னது.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"ஒரு மணி நேரம்."

"அப்ப உக்காருங்க. வடை ஆறிடும்."

உட்கார்ந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. ஒரு பெண் குரல் அதட்டியது.

"என்ன மிஸ்டர் யோசனை, வடை வருமா வராதா?"

"உள்ளே மாட்டிக்கிட்டேன் பூமா. கோவில்பட்டி மேடமும் இருக்காங்க."

"அய்யோ! அக்கா, நாலு வடை இருக்கும். ரெண்டு என்னோடது. எண்ணி வச்சிருக்கேன்."

கதவுக்கு அந்தப் பக்கம் முதல் கடை பூமாதேவியுடையது. பூமியை விட்டு வந்த பிறகு பிறந்த பிள்ளை என்று அண்ணாச்சி ஏக்கத்தோடு வைத்த பெயர். சுரங்கத்து ஆட்கள் கழித்துப் போடும் பழைய விண்வெளி உடைகளை வாங்கி, கிழிசல் தைத்து, ரப்பர் மாற்றி, புதுசைவிட நன்றாக உழைக்கும் என்று சத்தியம் செய்து விற்பாள். உழைக்கவும் செய்யும். அவளிடம் கையுறை வாங்கிய எவனுக்கும் இதுவரை விரல் உறைந்ததில்லை.

செண்பகவல்லி அவனைப் பார்த்தாள், ஒலிபெருக்கியைப் பார்த்தாள். 'யோசனை' என்று கூப்பிட்ட குரலில் ஏழு வருடம் காக்கவைக்கப்பட்டவளின் கோபம் துளிக்கூட இல்லை.

"நீங்க ரெண்டு பேரும்..."

"பிடிச்சுப் போச்சுக்கா" என்றது ஒலிபெருக்கி. "முதல் நாளே. கேசரித் தட்டைக் கீழே வைக்கிறதுக்குள்ளயே."

"அப்புறம் என்ன? சொல்ல வேண்டியதுதானே!"

ஆவுடையப்பன் வடையைப் பிட்டான். "சரின்னு சொன்னா கல்யாணம். கல்யாணம் ஆனா அந்தக் கடை அவளுக்குத் திறக்காது. வேண்டாம்னு சொன்னா நான் அடுத்த கப்பல்ல ஊருக்குப் போகணும். யோசிக்கேன்னு சொன்னா ரெண்டும் நடக்காது. வேற யாரும் பொண்ணு பாக்கவும் வர மாட்டாங்க. நல்லாப் போய்க்கிட்டுருந்தது மேடம், நீங்க வர்ற வரைக்கும்."

"கடை ஏன் திறக்காது?"

கேட்கும்போதே அவளுக்கு அந்த வரி ஞாபகம் வந்துவிட்டது. தாலி ஏறியதாகப் பதிவானதும், மணமகள் அறையின் சாவி மாப்பிள்ளை வீட்டார் வசம். மண்டபத்தில் அது நியாயமான ஏற்பாடு. முகூர்த்தம் முடிந்ததும் பெட்டிகளை இடம் மாற்ற வேண்டாமா? இங்கே மணமகள் அறை என்பது அவள் கடை.

"காக்கா மக நூருன்னிசா ராத்தாவுக்கு அத்தர் கடை இருந்துச்சு" என்றாள் பூமா. குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "நிக்காஹ் ஆன அன்னிக்கு சாயங்காலம் கதவு முன்னாடி போய் நிக்குறாங்க, மாப்பிள்ளை வீட்டாரைக் கேட்கவும்னு சொல்லுது. அவங்க வீட்டுக்காரரு தங்கமான மனுசன். தினமும் வந்து திறந்து விட்டாரு. அப்புறம் அவருக்கு நிலாச் சுரங்கத்துல வேலை கிடைச்சுது. கடை மூடினது மூடினதுதான். இன்னைக்கும் அந்தப் பக்கம் போனா கதவிடுக்குல மல்லிகை வாசம் வரும்."

"நானும் தினமும் வந்து திறந்து விடுதேன்னு சொன்னேன்" என்றான் ஆவுடையப்பன்.

"என் கடையை இன்னொருத்தரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னா அது கடை இல்ல. தயவு."

செண்பகவல்லி கையைத் துடைத்துக்கொண்டாள். "அந்த வரியை நான் பாத்தேன்ம்மா. புதுசுலயும் அப்படியே எழுதி வச்சிருக்கேன். என் வேலை நடப்பை மாத்துறது இல்ல. அடுக்கி வைக்கிறது மட்டும்தான்."

"விருந்தாளிக்கு மாத்தினீங்களே?"

"அது உங்க அப்பா கேட்டது."

"அப்ப அவரு கேட்டா நடப்பு, நான் கேட்டா வம்பா?"

வேலைக்கு வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று செண்பகவல்லி எதிர்பார்க்கவில்லை. ஒழுங்கான வேலை என்று ஏதோ ஒன்றை அவள் இத்தனை காலம் நம்பி வந்தாள். அநியாயத்தையும் மடிப்புக் கலையாமல் அடுக்கி வைப்பதுதானா அது?

"மேடம், மாமா கிட்ட ஒரே ஒரு சேதி சொல்லுங்க" என்றான் ஆவுடையப்பன். "அந்த வரி என்னைக்குப் போகுதோ அன்னைக்கே நான் பதில் சொல்லிடுதேன். சபையில வச்சு."

"இது பேரமா?"

"மேலச்சந்தையில வேற என்ன பேசுவாங்க?"

நேரம் முடிந்தது. நாதஸ்வரம் முழங்கக் கதவு திறந்தது. அந்தப் பக்கம் ஊசியும் கையுறையுமாக பூமா நின்றாள். முதலில் தட்டைத்தான் பார்த்தாள். ஒரே ஒரு வடை மிச்சம் இருந்தது. "ஒரு வடை பாக்கி வச்சிருக்கீங்கக்கா" என்று செண்பகவல்லியிடம் சொல்லிவிட்டு அதை எடுத்துக் கடித்தாள்.

மறுநாளே செண்பகவல்லி சங்கத்தைக் கூட்டச் சொன்னாள்.

"வித்தியாசம் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். இப்ப நான் கேக்கப் போறது வித்தியாசம் தெரியிற விசயம். அதான் சபையில கேக்குறேன். ரோலே வேண்டாம். முப்பதும் வேண்டாம். நீ யாரு வீட்டு ஆளுன்னு இனிமே கதவு கேக்காது. உனக்கு இங்கே என்ன வேலைன்னு கேக்கும். கடையை யாரு நடத்துறாங்களோ அவங்கதான் அந்தக் கதவுக்கு எஜமான். கல்யாணம் ஆனாலும், ஆகாட்டாலும். தீயணைக்க வந்தவனுக்குத் தீ பிடிச்ச கதவு திறக்கும், அவன் யாரா இருந்தாலும்." பிறகு ஆவுடையப்பனின் சேதியையும் சொன்னாள்.

பின்வரிசையில் கசகசவென்று பேச்சு எழுந்தது. பிள்ளையைப் பெற்றவர்கள் ஒரு பக்கம் கனைத்தார்கள், பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு பக்கம் கனைத்தார்கள். ரகுமத்து காக்கா எழுந்தார். கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காத மனிதர்.

"எம் மக கடைச் சாவியை எவனும் எடுத்துட்டுப் போகலை. கதவுதான் எடுத்துச்சு. நானும் கதவு மேல பழியைப் போட்டுட்டு இத்தனை நாள் சும்மா இருந்துட்டேன். அந்தக் கதவை மாட்டினது நாமதானே அண்ணாச்சி?"

எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அவர் பாடுதான் திண்டாட்டம். மகள் கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அந்த வரி போக வேண்டும். ஆனால் அவருடைய மருமகள் புஷ்பக்கனி கொண்டுவந்த தானியக் கடை, அதே வரியின் புண்ணியத்தில்தான் அவர் கைக்கு வந்திருந்தது. சந்தையிலேயே நல்ல முக்குக் கடை. பெண்ணைப் பெற்ற அப்பாவும் பிள்ளையைப் பெற்ற அப்பாவும் ஒரே வேட்டிக்குள் நின்று மல்லுக்கட்டினார்கள்.

"சரி" என்றார் கடைசியில். "பூமா கடைக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு எழுதிப்புடு. மத்தது இருக்கிறபடி இருக்கட்டும்."

"இப்படி ஒண்ணொண்ணா விதிவிலக்கு எழுதித்தான் அண்ணாச்சி இந்த நிலைமைக்கு வந்திருக்கு."

"அப்பா" என்றாள் பூமா. கூட்டத்தின் நடுவே வந்து, அவர் தோளில் கிடந்த துண்டை உருவிக் கையில் போட்டாள். "துண்டுக்கு அடியில வாங்க."

சந்தையில் பெரிய பேரங்கள் எல்லாம் துண்டுக்கு அடியில்தான் முடியும். வாயால் பேச மாட்டார்கள். விரலைப் பிடிப்பதுதான் பேச்சு. சுற்றி நிற்பவனுக்கு விலை தெரியாது. அப்பாவும் மகளும் துண்டுக்குள் கைகளை விட்டார்கள். அண்ணாச்சி முகம் இறுகியது. பூமா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நல்ல வியாபாரி முகம். துண்டு ஒரு முறை துள்ளியது. அண்ணாச்சி தலையை ஆட்டினார், மறுபடி ஆட்டினார். பிறகு துண்டு அசையாமல் வெகு நேரம் நின்றது. பூமாவின் கண் மட்டும் லேசாகக் கலங்கினாற்போலிருந்தது.

"முடிஞ்சுது" என்று அண்ணாச்சி கையை வெளியே எடுத்தார். "அந்த வரி போகட்டும். எல்லாப் பொண்ணுகளுக்கும். புஷ்பக்கனி, ஏளா, நாளையில இருந்து கடையை நீயே திற. திறக்க என்னைக் கூப்பிடாத, எனக்கு முழங்கால் வலிக்கு."

காக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

புதுக் கதவுகள் ஓடத் தொடங்கிய காலை சந்தையில் விசித்திரமான அமைதி. நாதஸ்வரம் இல்லை. கதவு முன் நின்றால், 'என்ன வேலை?' என்று ஒரு கேள்வி மட்டும் வரும். வாயால் சொன்னாலும் சரி, எழுத்தில் தட்டினாலும் சரி. காரியம் சரியென்றால் திறக்கும், சந்தேகமென்றால் கடைக்காரரைக் கேட்கும். நூருன்னிசா அத்தர் கடைக்குப் போனாள். 'என்ன வேலை?' என்றது கதவு. "கடை திறக்கிற வேலை" என்றாள். திறந்துகொண்டது. தெருவே மல்லிகை மணத்தது. மத்தியானத்துக்குள் நாலு பேர் செண்பகவல்லியைத் தேடி வந்து, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாதஸ்வரம் மட்டும் இல்லாமல் இழவு வீடு மாதிரி இருக்கிறது என்றார்கள். அவள் காலையில் மட்டும் என்றாள். அவர்கள் மூன்று வேளை என்றார்கள். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்று எழுந்தாள். காலையில் மட்டும் என்று முடிந்தது. அண்ணாச்சி தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "பிள்ளை தேறிட்டா" என்றார்.

பூமா கடையில் இப்போது ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடந்தது.

"அன்னிக்குத் துண்டுக்குள்ள என்னதான் நடந்துச்சு?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"ஒரு விரலைப் பிடிச்சாரு. என் கடை மட்டும்னு அர்த்தம். நான் அஞ்சையும் பிடிச்சேன். எல்லாப் பொண்ணுங்க கடையும். முடியாதுன்னு உதறினாரு, நான் விடலை." பூமா ஊசியில் நூல் கோர்த்தாள். "கடைசியா என் சுண்டு விரலைப் பிடிச்சாருக்கா. அதுக்குச் சந்தையில விலையே கிடையாது. சின்னப் பிள்ளையா இருக்கிறப்போ கடைத்தெருவுல அப்படித்தான் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாரு. அப்பதான் புரிஞ்சுது. கடை முழுசா எனக்குன்னு ஆயிட்டா, அவரு இங்கே வர்றதுக்கும் கதவு என்னைத்தானே கேக்கும்? அதுக்குத்தான் மனுசன் பயந்திருக்காரு."

சாயங்காலம் அண்ணாச்சி வந்து கதவு முன் நின்றார். 'என்ன வேலை?' என்றது. "சும்மா உக்கார" என்றார். அந்தக் கடைக்கு மட்டும் அதுவும் ஒரு வேலை என்று பூமா முதல் நாளே பதிந்து வைத்திருந்தாள். உள்ளே வந்து நாற்காலியில் சாய்ந்தவர் செண்பகவல்லியைப் பார்த்துச் சிரித்தார். "இப்பதாம்மா கூலி கொடுக்கிற மாதிரி ஒரு வேலை செஞ்சிருக்க."

ஆவுடையப்பன் சொன்ன சொல் தவறவில்லை. சபையில் எழுந்து நின்று, "பிடிச்சிருக்கு" என்றான். ஏழு வருடம் யோசித்த பதில் ஒரே வார்த்தையில் முடிந்தது. கைதட்டல் அடங்குவதற்குள் பூமா கையைத் தூக்கினாள்.

"அவரு என்னைப் பாத்துட்டாரு, சரி. நான் இன்னும் முறையா அவரைப் பாக்கலையே?"

அதனால் ஒரு நல்ல நாள் பார்த்து, அண்ணாச்சியும் பூமாவும் ஆவுடையப்பனின் விடுதி அறைக்கு மாப்பிள்ளை பார்க்கப் போனார்கள். செண்பகவல்லியின் கப்பலுக்கு இன்னும் நேரம் இருந்தது, அவளும் கூடப் போனாள். விருந்தாளியாக இருந்தபோது சந்தை முழுதும் திறந்த கதவுகளில் இப்போது அவனுக்குப் பத்தில் ஒன்றுதான் திறந்தது. கதவு பழுது பார்க்கும் வேலைக்குப் பழகிக்கொண்டிருந்தான். திறந்த கதவுகளையே பார்த்து வளர்ந்த உத்தியோகம், மூடியதையும் பார்க்கட்டும் என்று காக்கா சேர்த்துவிட்டிருந்தார். வேட்டி கட்டி, தலையைப் படிய வாரி, தட்டை நீட்டினான். கேசரியில் கட்டி கட்டியாக ரவை.

"நீங்களே செஞ்சதா?" என்றாள் பூமா.

"ஆமா."

"தெரியுது. பாடத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்பா, குறிச்சுக்கோங்க." இரண்டாவது தட்டுக் கேசரியையும் தின்று முடித்துக் கையைத் துடைத்தாள். "நல்லது. கடைக்குப் போய்ச் சொல்லி அனுப்புறேன்."

"ஏளா!" என்று அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்தார். "இன்னொரு ஏழு வருசத்துக்கு என் உடம்பு தாங்காது!"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அண்ணாச்சி முனகிக்கொண்டே பின்னால் போனார். செண்பகவல்லியைக் கப்பலுக்குக் கூப்பிட்டார்கள். கிளம்பும்போது ஆவுடையப்பனிடம், "பயமா இருக்கா?" என்று கேட்டாள். "ஏழு வருசம் அவங்க அப்பா எப்படி உக்காந்திருந்தாருன்னு இப்பதான் மேடம் தெரியுது" என்றான்.

எல்லாரும் போன பிறகு தட்டுகளைக் கழுவினான். ஒரு தட்டைக் கழுவி, துடைத்து, மறந்துபோய் மறுபடி கழுவினான். அப்போது கதவில் விளக்கு எரிந்தது. யாரோ வெளியே நிற்கிறார்கள். 'என்ன வேலை?' என்று கதவு கேட்டது. வந்தவள் தட்டிய எழுத்துகள் ஒவ்வொன்றாக உள்பக்கம் தெரிந்தன.

'பதில் சொல்ல வந்திருக்கிறேன்.'

திறக்கவா என்று கதவு அவனைக் கேட்டது. ஆவுடையப்பன் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு பொத்தானுக்குப் பக்கத்தில் போய் நின்றான். உடனே அமுக்கவில்லை. வெளியே நிற்பவள் மேலச்சந்தையின் தலைசிறந்த வியாபாரி. உடனே திறந்தால் சரக்கின் மதிப்பு இறங்கிவிடும். ஒரு மூச்சு பொறுத்தான்.

அதற்கு மேல் அவனால் முடியவில்லை.